லஞ்சம் கொடுக்காமல் பட்டா வாங்கிய பதினொரு மாதம்

அம்மாவின் சுருக்குப் பையில் எட்டாயிரம் ரூபாய் இருந்தது. பதினாறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நான்காக மடித்து ரப்பர் பட்டை போட்டு வைத்திருந்தார். "யாராவது கேட்டார்களா அம்மா?" என்றேன். "கேட்க வேண்டுமா? கொடுக்காமல் யாருக்கு நடந்திருக்கிறது?" என்றார். நாங்கள் அன்றுதான் முதல்முறையாக மனுப் போடப் போகிறோம். இ-சேவை மையத்து வாசலில் வெயிலில் வரிசையில் நிற்கிறோம். அதற்குள் அம்மா மனத்தளவில் அந்தப் பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டார்.

இது 2022 ஏப்ரலில். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காவிரிக் கடைமடையில் ஒரு ஏக்கர் பத்து சென்ட் நஞ்சை எங்கள் பங்கு. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவே அது கிடந்தது. பெரியப்பா வீட்டாருக்கும் எங்களுக்கும் எந்தத் தகராறும் இல்லை. பாகப் பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டது, வாரிசுச் சான்று கையில் இருந்தது, வில்லங்கமும் சுத்தம். எங்கள் பங்கை அளந்து தனியாகப் பிரித்து, அதாவது உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கும் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பெரியப்பா மகனைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது.

அறுபது ரூபாய் கட்டினோம், உட்பிரிவுக் கட்டணமும் கட்டினோம், ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் என்றால் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையை வைத்து, வயலை அளக்காமலே முடிந்துவிடும். உட்பிரிவு என்றால் சர்வேயர் வயலுக்கு வந்து அளக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், அதன்பிறகு வட்டாட்சியர் அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். சர்வேயர் வருவார் என்று காத்திருந்தோம். மே மாதக் கடைசியில் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்திதான் வந்தது: மனு தள்ளுபடி.

வட்டாட்சியர் அலுவலகத்தில் காரணம் சொல்ல ஆளில்லை. காரணம் எதிரே இருக்கும் டீக்கடையில் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் எங்கள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எட்டு ஆகும் தங்கச்சி. பத்து நாளில் வீட்டுக்கே வந்துவிடும்" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மா வைத்திருந்த அதே தொகை. ஊரில் எல்லோருக்கும் விலை தெரிந்திருக்கிறது.

லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம் என்றான் தம்பி. எனக்கும் அந்த ஆசை இருந்தது. நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவிக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் கையை நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அது நல்ல வழிதான். ஆனால் எங்களிடம் எந்த அலுவலரும் வாய்திறந்து கேட்கவே இல்லையே. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் அரசு ஊழியர் இல்லை. அலுவலரின் கை நோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளத்தான் இடையில் அவர் இருக்கிறார். இன்னொரு பயமும் இருந்தது. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். வயலை நம்பிப் பிழைக்கும் ஒரு விதவைத் தாயிடம் இந்தக் கணக்கை எப்படிச் சொல்வது?

ஜூனில் இரண்டாவது மனுப் போட்டோம். ஆகஸ்டில் அதுவும் தள்ளுபடி. செப்டம்பர் 12, திங்கட்கிழமை, மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், தலையில் மனுக்கட்டைச் சுமந்தபடி ஓர் ஆள் என்று பெரிய கூட்டம். மண்ணெண்ணெய் கொண்டுவந்திருக்கிறார்களா என்று வாசலிலேயே போலீசார் பைகளைச் சோதித்தார்கள். மனுக் கொடுக்க வருகிறவர் தன்னை எரித்துக்கொள்ளக்கூடும் என்று ஓர் அரசு அலுவலகம் ஒவ்வொரு வாரமும் எதிர்பார்த்து நிற்கிறது என்பதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் மனு எங்கே போனது? யார்மேல் குறை சொன்னேனோ அதே அலுவலகத்துக்கு. மூன்று வாரம் கழித்து, "நடவடிக்கையில் உள்ளது" என்று ஒற்றை வரிப் பதில் வந்தது.

எங்கள் பக்கத்து ஊரில் தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். ஏழைகளுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். நான் எழுதி வைத்திருந்த தகவல் உரிமை மனுவைப் படித்துவிட்டு முழுவதையும் அடித்தார். "ஏன் தள்ளுபடி செய்தீர்கள், இது நியாயமா என்று கேட்டிருக்கிறாய் அம்மா. 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. காகிதத்தில் இருப்பதை மட்டும்தான் தருவார்கள். நகல் கேள்" என்றார். இந்த முழு அனுபவத்திலும் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த ஒரு வார்த்தை. ராஜஸ்தானில் கூலித் தொழிலாளிகளும் இதைத்தானே கேட்டார்கள்? அவர்களின் அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தது. நாங்கள் வேலை செய்ததாக எழுதியிருக்கும் பதிவேட்டைக் காட்டு, நகல் கொடு என்றார்கள். செத்தவர்கள் பெயரில்கூடக் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊர் நடுவே வாசித்துக் காட்டியவர்கள் அவர்கள். 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மனுவைத் திருத்தி எழுதினோம். எங்கள் இரண்டு மனுக்கள் மீதும் நாள்வாரியாக எடுக்கப்பட்ட நடவடிக்கை. அவை யார் யாரிடம் எத்தனை நாள் இருந்தன, அவர்களின் பதவி. எங்களுக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல். 2022 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் குறுவட்டத்தில் வந்த உட்பிரிவு மனுக்கள் அனைத்தின் பெறப்பட்ட தேதியும் முடிக்கப்பட்ட தேதியும். இவற்றோடு 2(j) பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. கடைசி இரண்டும்தான் உயிர்நாடி என்றார் பெரியவர். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டி, நவம்பர் 7-ஆம் தேதி ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் கிராம உதவியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன். "எதற்கு அக்கா இந்தத் தகவல் மனு எல்லாம்? நேரில் வந்து கேட்டால் செய்து கொடுக்க மாட்டார்களா? பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்" என்று அம்மாவிடம் தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். அன்று இரவு அம்மா தொலைபேசியில் அழுதார். "நிலமே வேண்டாம், விட்டுவிடு" என்றார். அரசாங்கம் என்றால் அம்மாவுக்கு வாசலில் வந்து நிற்கும் ஆள்தான். கோபத்தைவிட அவமானம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் வரி கட்டி, ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்ட ஒருத்தி தன் வயலுக்கு ஒரு காகிதம் கேட்டதற்காக ஏன் பயப்பட வேண்டும்?

முப்பது நாள் முடிந்தது, பதில் இல்லை. டிசம்பர் 14-இல் 19(1) பிரிவின்கீழ் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதினேன். இதற்குக் கட்டணம் கிடையாது. தகவல் தராமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலர் தன் கையிலிருந்து தண்டம் கட்ட நேரலாம் என்ற 20-ஆவது பிரிவையும் பணிவாகக் குறிப்பிட்டேன். அந்த வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு முன்பே கடிதம் வந்துவிட்டது: ஜனவரி 19, காலை பதினோரு மணிக்குக் கோப்பைப் பார்வையிடலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஓர் இளம் உதவியாளர் கட்டைக் கொண்டுவந்து வைத்து நாடாவை அவிழ்த்தார். எங்கள் மனு, பத்திர நகல், அதன்மேல் குறிப்புத் தாள். மூன்று வரி. "15.05.2022 அன்று புலத்தணிக்கை மேற்கொள்ளப்பட்டது. மனுதாரர் எல்லை காட்ட ஆஜராகவில்லை. மனுவைத் தள்ளுபடி செய்யலாம்." கீழே பச்சை மையில் ஒரு சுருக்கொப்பம். அவ்வளவுதான். கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்து பார்த்தேன். 2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு அறிவிப்பு அனுப்பிய நகல் கோப்பில் இருக்கிறதா என்று உதவியாளரிடம் கேட்டேன். அவர் இரண்டு முறை பக்கங்களைப் புரட்டினார். இல்லை. இரண்டாவது மனுவிலும் அதே மூன்று வரி, தேதி மட்டும் வேறு.

பிறகு பதிவேடு. எங்கள் மனுவுக்குப் பின்னால் வந்தவற்றில் ஆறு மனுக்கள் ஒன்பது, பத்து நாளில் முடிந்திருந்தன. அவர்கள் எல்லோரும் பணம் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தத் தேதிகள் கண்முன்னே இருக்கின்றன. ஏழு பக்கம் நகல் கேட்டேன். காலக்கெடு தாண்டிவிட்டதால் 7(6) பிரிவின்படி கட்டணமில்லாமல் தர வேண்டும் என்றேன். உதவியாளர் மறுப்பேதும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023-இல் நிறைவேறிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவை மாற்றுகிறது. தனிநபர் தகவலானாலும் பொது நலன் பெரிதென்றால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் நீங்கி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆகிறது. பொது நலன் பெரிதென்றால் தரலாம் என்கிற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, உண்மை. ஆனால் நான் பார்த்த அந்தப் பதிவேட்டை நாளை இன்னொருத்தி கேட்டால், மற்றவர்களின் தகவல் என்று சொல்லிக் கதவை மூடுவது எவ்வளவு சுலபம்! அந்த மாற்றம் எனக்கு ஆறவில்லை.

நகல்களோடு மேல்முறையீட்டு அலுவலர் முன்னால் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ற இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். எதுவும் விளக்கவில்லை. "இன்றே புதிதாக மனுப் போடுங்கள் அம்மா. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அன்று மாலையே போட்டேன்.

பதினோராவது நாள் சர்வேயர் வந்தார். முந்தைய ஆள் மாறுதலில் போய்விட்டாராம். இவர் புதிதாக வந்த ஓர் இளம்பெண். சம்பா அறுவடை முடிந்து தாள் நின்றது. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு நாடாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெரியப்பா மகன் மறுமுனையைப் பிடித்தான். இரண்டு மணி நேர வேலை. கல் ஊன்றி முடித்ததும் அம்மா சுருக்குப் பையை எடுத்து, அந்த மடித்த தாள்களை நீட்டினார். நான் தடுப்பதற்குள் நடந்துவிட்டது. "வேண்டாம் அம்மா. குடிக்கத் தண்ணீர் இருந்தால் கொடுங்கள்" என்றார் அந்தப் பெண். செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அளவுத் தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிப் போனார்.

மார்ச்சில் பட்டா இணையத்தில் ஏறியது. அப்பா பெயர் இருந்த இடத்தில் அம்மா பெயர், தனிப் பட்டா எண், புதிய உட்பிரிவு. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படித்தார், டிரங்குப் பெட்டியில் அப்பாவின் வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்:

"எவ்வளவு பாப்பா கொடுத்தாய்?"

எதுவும் கொடுக்கவில்லை என்றேன். கட்டண ரசீதுகள், தபால் ரசீது, ஒப்புகை அட்டை எல்லாவற்றையும் பாயில் பரப்பிக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தப் பெண் ஏன் பணத்தை வாங்கவில்லை என்று நினைக்கிறாய்? நீ முன்பே மேலே கொடுத்துவிட்டதால்தானே?" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். "சரி, சொல்ல வேண்டாம் என்றால் விடு" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

போன மாதம் சித்தி தன் பங்குக்கு உட்பிரிவு மனுப் போடக் கிளம்பினார். "கையில் ஒரு எட்டாயிரம் வைத்துக்கொண்டு போ" என்று அம்மாதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.