பெர்ரியில் ஒரு வகுத்தல் கணக்கு

போன சனிக்கிழமை அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினேன். அக்கரையில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் அவளுக்குப் பாவாடை சட்டை எடுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் இப்போது பகா எண் (1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்) நடத்துகிறார்களாம். "அத்தை, பெரிய நம்பர் ஒண்ணு சொல்லுங்க, பகா எண்ணான்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

4294967297 என்றேன். வேண்டுமென்றேதான்.

பழைய ரசீதின் பின்பக்கம் கணக்கு தொடங்கியது. இலக்கங்களைக் கூட்டினால் 59, அதனால் 3 போகாது. 7க்கு மீதி 5. 11க்கும் மீதி 5. அக்கரை சேர்வதற்குள் 23 வரை வந்துவிட்டாள். "பகா எண்தான், அத்தை."

அவசரப்பட்டவள் அவள் மட்டும் இல்லை. அந்த எண், 2ஐ 32 முறை எழுதிப் பெருக்கி 1 கூட்டியது. 32க்குப் பதில் 1, 2, 4, 8, 16 முறை என்று போட்டால் அதே வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும்; ஐந்தும் பகா எண்கள். அதைப் பார்த்துவிட்டு, வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று 1640இல் கணித மேதை ஃபெர்மா நம்பினார். நானே மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது, மேலே ஐந்து வரி சரியாக இருந்தால் ஆறாவதைப் பார்க்காமல் டிக் போட்டிருக்கிறேன். மனுஷரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார்: 4294967297ஐ 641 மீதியில்லாமல் வகுக்கும். ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனால், 641ஐத் தொடுமுன் 115 வகுத்தல். அவர் பிடித்த வழி வேறு: இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டியது! பின்னால் லூகாஸ் என்ற கணிதர் அந்த 64ஐ 128 ஆக்கினார். அப்புறம் மிஞ்சுவது 257, 641 இரண்டே.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று முறைத்தாள். தே தாரிக் (இழுத்து ஆற்றும் டீ) கடையில் உட்கார்ந்து 641ஆல் வகுத்தாள். மீதி 0 வந்தது, ஆனால் விடையில் 67417 என்று எழுதியிருந்தாள். நடுவில் மீதி 2 ஆனதும் அடுத்தடுத்து இரண்டு இலக்கங்களை இறக்க வேண்டும், இரண்டுக்கும் 0 போட வேண்டும். அதை விட்டுவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் விடுகிற இடம்தான். பெருக்கிப் பார்க்கச் சொன்னேன், தானே திருத்திக்கொண்டாள்: 6700417.

"இது பகா எண்ணா, அத்தை?"

அட, நல்ல கேள்வி. இதற்கும் அதே 128 விதிதான். இதன் வர்க்கமூலம் 2588 சொச்சம், அதனால் 2588 வரை பார்த்தால் போதும். 257 ஏற்கெனவே தோற்றுவிட்டது. மிச்சம் 641 இன்னொரு தடவை, 769, 1153, 1409. திரும்பும் பெர்ரியில் மூன்றை முடித்தாள், எதுவும் மீதியில்லாமல் போகவில்லை. 1409ஐ மட்டும் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு போட்டாள். அதுவும் போகவில்லை, ஆக 6700417 பகா எண்தான். பாவாடை சட்டைப் பை பெர்ரியிலேயே தங்கிவிட்டது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.