சோயா வேர்முடிச்சு: எஃப்2 தலைமுறை நாட்குறிப்பு

ஜூன் 3
வேரில் முடிச்சு (நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியா குடியிருக்கும் புடைப்பு) விடும் சோயா இரகத்தையும் ஆர்ஜே1 ஒடுங்கு மரபணுவால் முடிச்சு விடாத வரிசையையும் கலப்பு செய்து எடுத்த எஃப்2 (இரண்டாம் சந்ததி) விதைகள் இன்று விதைப்பு. 70% எத்தனாலில் 30 விநாடி, 3% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 3 நிமிடம், பிறகு கிருமி நீக்கிய நீரில் ஆறு அலசல். அதிகம் ஊறினால் தோல் உரிந்து முளைப்பு கெடும். ஆட்டோகிளேவ் செய்த வெர்மிகுலைட்டில், விதைக்கு 1 மி.லி. யு.எஸ்.டி.ஏ. 110 என்ற முடிச்சுப் பாக்டீரியாத் திரிபின் வளர்ப்பு. பாக்டீரியா விடாத தொட்டிகளும் முடிச்சு விடும் பெற்றோரும் இடையிடையே இருக்க வேண்டும். முன்னதில் முடிச்சு வந்தால் மாசு. பின்னதில் வராவிட்டால் வளர்ப்பு வீரியமற்றது.

பிராடிரைசோபியம் எல்கானி என்ற பாக்டீரியா இனத்துத் திரிபான யு.எஸ்.டி.ஏ. 61 இதற்கு உதவாது. அது ஆர்ஜே1 குறைபாட்டைத் தாண்டியும் முடிச்சு உண்டாக்கிவிடும்.

ஜூன் 12
நைட்ரஜன் இல்லாத ஊட்டக்கரைசல் மட்டும். 5 மில்லிமோலார் நைட்ரேட் இருந்தாலே நல்ல செடியும் முடிச்சைக் குறைத்துக்கொள்ளும்.

ஜூன் 24
விதையிலைச் சேமிப்பு தீர்ந்து சில செடிகள் வெளிறுகின்றன. நிறத்தை மட்டும் பார்த்து வகை பிரிக்கக் கூடாது; முடிச்சு தாமதமான செடியும் வெளிறும்.

ஜூலை 1
கணக்கெடுப்பு. செடியைப் பிடுங்கினால் முடிச்சு உதிரும். தொட்டியோடு நீரில் ஊறவைத்து வெர்மிகுலைட்டைக் கழுவிவிட வேண்டும். முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும், அது லெக்ஹீமோகுளோபின் என்ற ஆக்சிஜனைப் பிணைக்கும் புரதம். வெள்ளையாக இருந்தாலும் முடிச்சு முடிச்சுதான்: நைட்ரஜன் நிலைப்படுத்தலையும் முடிச்சு உருவாவதையும் பதிவேட்டின் ஒரே பத்தியில் எழுதினால் மரபு விகிதம் குழம்பும்.

எதிர்பார்ப்பு: முடிச்சுள்ளவை, முடிச்சற்றவை 3:1. 96 செடியில் 68:28 வந்தால் கை வர்க்க (எதிர்பார்ப்பிலிருந்து விலகலை அளக்கும் chi-square சோதனை) மதிப்பு 0.89, 5% மட்டத்தின் எல்லையான 3.84ஐ மீறாததால் ஒற்றை மரபணு என்பது நிற்கும்.

ஜூலை 3
விகிதத்தை மட்டும் நம்பிவிட முடியாது. சோயாவில், பாக்டீரியாவின் சைகையை உணரும் என்எஃப்ஆர்5 ஏற்பிக்கு இரு நகல்கள் உண்டு. இரண்டும் பிரியும் கலப்பில் 15:1; பெற்றோர் இருவரிடமும் அதே ஒரு நகல் முன்பே பழுதாகியிருந்தால் அதுவும் 3:1 ஆகவே தெரியும். 1/16 வீதம் வரும் முடிச்சற்ற செடியில் ஒன்றையாவது 95% உறுதியோடு பார்க்க 47 செடி வேண்டும். ஹார்டீ இரகத்தின் ஆர்ஜே2 நேர்மாறு: ஓங்கு மரபணு, யு.எஸ்.டி.ஏ. 122ஐத் தடுக்கும், ஆகவே அந்தத் திரிபோடு மூன்று பங்கு முடிச்சற்றவை. அளவுக்கு மீறி முடிச்சு விடும் அதிமுடிச்சு வரிசையோடு ஆர்ஜே1ஐக் கலந்தால் இயல்பு, அதிமுடிச்சு, முடிச்சற்றவை 9:3:4. முடிச்சே தொடங்காத வேரில் அதிமுடிச்சு மரபணு வெளிப்பட வழியில்லை.

ஜூலை 6
கழுவிய செடிகள் மறுநடவு, எஃப்3 விதைக்காக. முடிச்சுள்ளவற்றில் மூன்றில் இரண்டின் சந்ததி மறுபடி இரு வகையாகப் பிரிய வேண்டும். இதை 95% உறுதியோடு பிடிக்கச் செடிக்கு 11 விதை சோதிக்க வேண்டும். முடிச்சற்றவற்றுக்கு இன்று முதல் நைட்ரேட் கரைசல், இல்லாவிட்டால் காய் பிடிக்கும்வரை தாங்காது.