குட்டி நாய்க்கு டாய்லெட் ட்ரெயினிங்: கடிகாரம் பார்க்க வேண்டியது நாம்தான்

எட்டு வாரக் குட்டி ஹால் நடுவே உச்சா போனால் அதில் பிடிவாதமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. அடக்கி வைக்கும் தசைகள் இன்னும் வலுப்பெறவில்லை, அவ்வளவுதான். மூன்று நான்கு மாதம் ஆகும்வரை அந்தக் கட்டுப்பாடு அரைகுறைதான். அதுவரை அதன் நேரத்தை நாம்தான் கணித்து வெளியே கொண்டுபோக வேண்டும்.

வயதை மாதக் கணக்கில் எடுத்து ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். இது உச்ச வரம்பு, இதை வைத்து அட்டவணை போடாதீர்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை வெளியே கூட்டிப்போங்கள். தூங்கி எழுந்த உடனே, விளையாட்டு முடிந்ததும், சாப்பிட்ட 5 முதல் 30 நிமிடத்துக்குள்ளும் கட்டாயம் ஒரு முறை. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கிவிடும் என்பதால், கக்கா பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். அதனால்தான் நாளுக்கு 3 அல்லது 4 வேளை, நேரம் தவறாமல் சாப்பாடு வைத்து, 15-20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடச் சொல்கிறோம். நாள் முழுக்கத் தட்டு நிறைந்தே இருந்தால் கக்கா எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரை மட்டும் பகலில் குறைக்கவே கூடாது.

வெளியே போகும்போது சொந்தத் தோட்டமே ஆனாலும் லீஷ் (நாயைப் பிடித்து நடத்தும் கயிறு) கட்டுங்கள். தினமும் ஒரே இடம். அங்கே போய்ப் பேசாமல், அசையாமல் 5 நிமிடம் நில்லுங்கள். நாம் நடந்தால் குட்டி பின்னாலேயே வரும், வந்த வேலை மறந்துவிடும். நாம் நின்றால் அதற்குச் சலித்துப்போய்த் தரையை மோப்பம் பிடிக்கும், சுற்றும், பின்னங்காலை மடக்கும். மடக்கும் அந்த நொடியில் ஒரு சொல்லை மெதுவாக ஒரே முறை சொல்லுங்கள். எந்தச் சொல்லானாலும் சரி, வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.

தின்பண்டம் கொடுக்கும் நேரம்தான் பலருக்குத் தவறுகிறது. பாதியில் கொடுத்தால் குட்டி அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவரும், மீதியை வீட்டுக்குள் முடிக்கும். உள்ளே வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்கான பரிசு என்றுதான் அதற்குப் புரியும். முடித்து நிமிர்ந்த 2 நொடிக்குள், அதே இடத்தில், சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். கொடுத்த உடனே உள்ளே இழுத்து வந்துவிடவும் கூடாது. உச்சா போனால் வெளியில் இருக்கும் சந்தோஷம் முடிந்துவிடுகிறது என்று கற்றுக்கொண்ட குட்டி, அடக்கிக்கொண்டே ஊர் சுற்றப் பார்க்கும். ஐந்து நிமிடம் விளையாடிவிட்டுத் திரும்புங்கள்.

5 நிமிடம் நின்றும் போகவில்லையா? உள்ளே கொண்டுவாருங்கள், ஆனால் அவிழ்த்துவிடாதீர்கள். 10-15 நிமிடம் மடியிலோ க்ரேட்டிலோ (நாய் படுக்கும் கம்பிக் கூண்டு) வைத்திருந்து மறுபடி அதே இடத்துக்குப் போங்கள். எல்லோரும் விட்டுவிடும் படி இதுதான். "இப்பத்தானே வெளியே கூட்டிட்டுப் போனோம், வந்ததும் உள்ளே உச்சா போகுதே" என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

க்ரேட் என்பது நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க மட்டும் இடம் தர வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலை படுக்கை, மறு மூலை கழிப்பறை என்று பிரித்துக்கொள்ளும். நடுவில் தடுப்பு வைத்துச் சுருக்கலாம். க்ரேட்டுக்கு வெளியே இருக்கும்போது ஒரே அறை, நம் கண் பார்வை. விளையாட்டைச் சட்டென்று நிறுத்துவது, மூக்கைத் தரையோடு வைத்து வட்டமடிப்பது, மூலைக்கு நழுவுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உள்ளேயே போய்விட்டால் திட்டாதீர்கள். அந்த நொடியில் பார்த்தால் லேசாகக் கைதட்டி நிறுத்தி வெளியே கொண்டுபோங்கள். போன பிறகு பார்த்தால் துடைப்பதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை. மூக்கை அதில் தேய்ப்பதும் அடிப்பதும் கற்றுத்தருவது ஒன்றே ஒன்றைத்தான்: மனிதர் கண்முன் போகாதே. பிறகு அது சோபாவுக்குப் பின்னால் போகும், வெளியே நீங்கள் பக்கத்தில் நின்றாலும் போகாது. நாமே அந்தப் பழக்கத்தை உண்டாக்கிவிட்டு நாயைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். முதலில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள். பினாயில் வாசனை நம் மூக்குக்குத்தான் மறைப்பு, அதற்கு அடியில் உள்ள சிறுநீர் வாடை நாய்க்குத் தெரியும், அதே இடத்துக்குத் திரும்பும். அமோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், அதன் வாடையே சிறுநீரை நினைவூட்டும். ப்ளீச்சைச் சிறுநீர்மேல் ஊற்றினால் நச்சு வாயு வரும், வேண்டவே வேண்டாம்.

தடுப்பூசி முடியும்வரை மற்ற நாய்கள் புழங்கும் இடத்தில் இறக்கிவிட முடியாது என்பதால் வீட்டுக்குள் விரிக்கும் பேடோ (சிறுநீரை உறிஞ்சும் விரிப்பு) செய்தித்தாளோ தேவைப்படலாம். ஆனால் கால் பழகிய தரையைத்தான் நாய் தேடும். பேப்பரில் பழகியது மிதியடியிலும் போகும். வெளியே போக வழி இருந்தால் முதல் நாளே வெளியே தொடங்குவது நல்லது.

இரவில் சின்னக் குட்டிக்கு ஓரிரு முறை எழுந்தே ஆக வேண்டும். பேச்சில்லை, விளையாட்டில்லை, போய்விட்டு நேராகப் படுக்கை.

பல குட்டிகள் 4 முதல் 6 மாதத்தில் நம்பகமாகிவிடும். சிறிய இனங்களுக்கு இன்னும் நாளாகலாம். ஒரு மாதம் தொடர்ந்து உள்ளே போகவில்லை என்றால் இன்னொரு அறையைத் திறந்துவிடுங்கள். மறுபடி தவறினால் அறையை மூடி, பழைய அட்டவணைக்கே திரும்புங்கள்.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று உள்ளே போனாலோ, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ அது பயிற்சிக் கோளாறு அல்ல, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆள் வந்ததும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சிறிது கசியவிடும் குட்டியும் பயிற்சியில் தவறவில்லை. பயத்திலோ பரபரப்பிலோ தானாக வருவது அது. குனிந்து தலையில் கை வைக்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவாக வந்து முகர விடுங்கள். அதட்டினால் கசிவு கூடும்.