அழித்த ஃபைல், திரும்பாத இடம்

நேற்றிரவு என் லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. புரோகிராம்கள் தங்கள் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபோல்டரில் 18 ஜிபிக்கு ஒரு ஃபைல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. யோசிக்காமல் ஆர்எம் (rm) கமாண்ட் போட்டு அழித்தேன். அப்புறம் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கொடுத்துப் பார்த்தால் அதே 100 சதவீதம்! ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியு (du) கணக்கோ 18 ஜிபி குறைவாகக் காட்டியது. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தேன். மெஷினையே ரீபூட் செய்யலாமா என்றுகூடப் போய்விட்டேன்.

ஆர்எம் ஃபைலின் பெயரைத்தான் எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது புரோகிராம் (புராசஸ்) அதைத் திறந்து வைத்திருந்தால், மூடும்வரை இடம் திரும்பாது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) வரிகளில் ‘டெலிட்டட்’ என்று தேடினேன். ஆள் சிக்கிவிட்டான், வெப் சர்வர்! அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்ததும் இடம் வந்துவிட்டது.

இனி ஓடுகிற லாகை அழிக்க மாட்டேன், ட்ரங்கேட் (truncate) போட்டு, ஃபைலை விட்டுவைத்து உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்வேன். பழைய லாகுகளைத் தானாக ஒதுக்கும் லாக்ரொட்டேட் ஏன் தூங்கியது என்று இன்னும் பார்க்கவில்லை. சரி, அது ஞாயிற்றுக்கிழமை வேலை.