கோழிக்கூண்டில் எலி: தராசை வைத்துக்கொண்டு ஆறு வாரம்

ஆறு முட்டைக்கோழி. இரண்டுக்கு மூன்று மீட்டர் அளவில் வலையடைத்த முற்றம். அதன் ஒரு மூலையில், தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் மரக்கூண்டு. இவ்வளவுதான் அமைப்பு. ஆனால் தீவனம் மட்டும் எட்டுக் கோழிக்கு ஆகிற அளவு தீர்ந்துகொண்டிருந்தது.

எலி வருகிறதா என்று சந்தேகம் வந்தால் முதலில் வாங்க வேண்டியது பொறி இல்லை, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். ஆறுக்கும் சேர்த்துச் சுமார் 660 கிராம். அதற்கு மேல் போவதெல்லாம் சிந்தல், குருவி, அணில், எலி. எது எவ்வளவு என்பதை ஒரே தந்திரத்தில் பிரித்துவிடலாம். கோழி அடைந்த பிறகு ஒரு தடவையும், விடிந்து கதவு திறக்கும் முன் ஒரு தடவையும் தீவனத்தை எடை போட வேண்டும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அடைந்தபின் இறங்கித் தின்னாது. ஆகவே இராத்திரி குறைவது முழுக்க வேறு யாருடையதோ பங்கு.

நாள் 1 – 3: எடை மட்டும்

மூன்று இரவில் குறைந்தது 195, 180, 210 கிராம். ஈரக்காற்று அடிக்கும் இரவில் தீவனம் ஐந்து, பத்து கிராம் கூடவும் செய்யும், அதனால் ஒற்றை நாள் எண்ணை நம்பக்கூடாது. வளர்ந்த எலி ஓர் இரவில் 20 முதல் 30 கிராம் தின்னும். அந்தக் கணக்குப்படி ஏழெட்டு எலி. தின்பதோடு நில்லாமல் வளைக்குள் தூக்கிக்கொண்டும் போகும் என்பதால் தலைக்கணக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கலாம்.

எந்த எலி என்பதைப் புழுக்கை சொல்லிவிடும். சுவரோரம் கிடந்தவை இரண்டு செ.மீ. நீளத்தை ஒட்டி, இரு முனையும் மழுங்கியிருந்தன. இது தரையில் வளை தோண்டும் பழுப்பு எலி. ஒன்றேகால் செ.மீ. அளவில் முனை கூராக இருந்தால் மரம் ஏறும் கூரை எலி. அதற்குக் கிளையையும் கூரையையும் பார்க்க வேண்டும். அரிசி அளவுக்கும் குறைவென்றால் சுண்டெலி. நீண்ட மூக்கும் கெட்ட வாடையுமாக ஓடும் மூஞ்சூறு எலி இனமே இல்லை, பூச்சி தின்னி. குஞ்சு இல்லாத கூண்டில் அதை விட்டுவிடலாம்.

சந்தேகம் தீராவிட்டால் சுவரோரம் ஒரு முழத்துக்கு மாவைச் சலித்துத் தூவி வைத்தால் போதும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து, நடுவே வால் இழுத்த கோடு. காலையில் அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

கூண்டுக்குப் பின்னால் ஏழு செ.மீ. அகலத்தில் இரண்டு வளை. சுருட்டிய செய்தித்தாளை இரண்டிலும் திணித்து வைத்ததில் மறுநாள் ஒன்றில் மட்டும் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருந்தது. மற்றது பழைய வளை.

நாள் 4 – 5: முதலில் கோழியின் கால்விரல்

இந்த இடத்தில்தான் பலரும் வரிசையை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். "தீவனத்தை எடுத்துவிடு, எலி போய்விடும்" என்பது பாதி உண்மை. தீவனம் திடீரென்று நின்ற முதல் சில இரவுகளில் எலி போகாது, வேறு எதையாவது தேடும். அந்த வேறு ஏதோ முட்டையாக இருக்கலாம், குஞ்சாக இருக்கலாம், கம்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கோழியின் கால்விரலாகவும் இருக்கலாம். ஆகவே தீவனத்தில் கை வைக்கும் முன் கோழி அடையும் அறையை மூட வேண்டும். குஞ்சோ அடைக்கோழியோ இருந்தால் அன்றே.

அறுகோணக் கண் கொண்ட வழக்கமான கோழிவலை எலிக்கு ஒரு தடையே இல்லை. கம்பி மெல்லியது, கண் பெரியது. தேவைப்படுவது அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட, 19 கேஜ் (சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்) கம்பியில் பற்றவைத்த துத்தநாகப் பூச்சு வலை. சுண்டெலியும் தொல்லை என்றால் கால் அங்குலம். வளர்ந்த எலி இரண்டு செ.மீ. இடுக்கில் நுழைந்துவிடும், சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும்.

வலையைவிட அதை அடிக்கும் விதமே முக்கியம். ஸ்டேப்ளர் ஊசி மட்டும் போட்ட வலையை எலி ஓரத்தில் பல்லைக் கொடுத்து நெம்பி எடுத்துவிடும். அகன்ற வாஷர் போட்ட திருகு, 12 செ.மீ.க்கு ஒன்று, அதன்மேல் ஓரம் மறையும்படி ஒரு மரச்சட்டம். இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஐந்து செ.மீ. மேலேறி நிற்க வேண்டும், கட்டுக்கம்பியால் தைக்க வேண்டும். கதவின் அடியில் ஒன்றரை செ.மீ. சந்து இருந்தது. தகரப்பட்டை ஒன்றை மடித்து அடித்ததும் அது நான்கு மில்லிமீட்டராகக் குறைந்தது.

அவசரத்தில் காற்றுவழியைப் பலகையால் மூடிவிடும் தவறும் நடக்கிறது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வெளியேற வழியில்லாமல் போனால் இரண்டே வாரத்தில் கோழி தும்ம ஆரம்பிக்கும். காற்று வரும் இடத்தை வலையால்தான் அடைக்க வேண்டும். கடைசித் திருகுக்கு முன் கூளத்தை முழுக்கப் புரட்டி உள்ளே எலி எதுவும் பதுங்கவில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. உள்ளே மாட்டிய எலி வெளியே இருப்பதைவிட மோசம்.

நாள் 6: இராத்திரி தட்டு காலி

மாலையில் தீவனத் தட்டு, தண்ணீர்ப் பாத்திரம் இரண்டும் வெளியே. கோழிக்கு இருட்டில் இரண்டும் தேவையில்லை. விடிந்தவுடன் திரும்ப வைத்துவிட வேண்டும், வெயில் காலத்தில் தண்ணீரைத் தாமதிக்கவே கூடாது. தீவன மூட்டையைத் தகர டிரம்முக்குள் கொட்டி மூடியாயிற்று. பிளாஸ்டிக் வாளி போதாது. எலிக்கு முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்தபடியே இருக்கும், வாளியின் விளிம்பு கிடைத்தால் விடாது. கூண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல், பலகைக் குவியல் எதுவும் இல்லாமல் எடுத்தாயிற்று. மறைவு இல்லாத வெட்டவெளியைக் கடக்க எலிக்குப் பிடிக்காது.

தட்டை எடுத்துவிட்டால் எதை எடை போடுவது? அதற்கு ஒரு சோதனைத் தட்டு. கோழி நுழைய முடியாத இடத்தில், சரியாக 50 கிராம் தீவனம். முதல் இரவில் எறும்பு மொய்த்து எண் கெட்டது. அதன்பின் தட்டை ஒரு தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவே செங்கல் மேல் வைத்ததும் சரியாயிற்று. எறும்பு கடக்காது, எலிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மிதித்தால் மூடி திறக்கும் தீவனப்பெட்டி பற்றி ஒரு வார்த்தை. நல்ல பொருள்தான், ஆனால் எடையைப் பார்க்க வேண்டும். பழுப்பு எலி அரை கிலோவை எட்டும், பெருச்சாளி ஒரு கிலோவை ஒட்டி வரும். மிதிபலகை இதற்கு மேல்தான் இறங்க வேண்டும். அப்படி வைத்தால் சிறுஜாதிக் கோழியால் திறக்க முடியாது. பழக்கவும் பொறுமை வேண்டும்: ஒரு வாரம் மூடியை முழுக்கத் திறந்து கட்டி, அடுத்த வாரம் பாதி, அப்புறம்தான் முழு இயக்கம். முதல் நாளே மூடி தடாலென்று விழுந்தால் கோழி அந்தப் பக்கமே போகாது.

நாள் 7 – 12: பொறி

எலிக்குப் புதுப்பொருள் என்றால் பயம். நேற்று இல்லாத ஒரு சாமான் இன்று வழியில் இருந்தால் பல நாள் சுற்றிப் போகும். ஆகவே பொறியை இழுத்துவிடாமல், அதாவது வில்லை இழுத்து மாட்டாமல், இரை மட்டும் வைத்து நான்கு இரவு. இதில் அவசரப்பட்டால் பாதியில் தப்பிய எலி ஒன்று பொறியையே கற்றுக்கொண்டுவிடும், அதைப் பிடிக்கப் பிறகு மாதக்கணக்கு ஆகும்.

இரையாக வறுத்த வேர்க்கடலையை நசுக்கிப் பட்டாணி அளவு உருட்டி, நூலால் இரண்டு சுற்றுக் கட்ட வேண்டும். நிறைய அப்பி வைத்தால் நாக்கால் மேலோடு நக்கித் தின்றுவிட்டு பொறி விழாமலே போய்விடும். நூலில் கட்டினால் இழுத்துத்தான் ஆக வேண்டும். பொறி சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி இருக்க வேண்டும். எலி ஓடுவது சுவரை மீசையால் உரசிக்கொண்டு.

ஆறு பொறியும் மரப்பெட்டிக்குள். பெட்டி 60 செ.மீ. நீளம், 15 அகலம், 15 உயரம். இரு முனையிலும் ஆறரை செ.மீ. ஓட்டை, நடுவே பொறி, அடியில் ஒரு திருகு போட்டு அசையாமல். நீளம் குறைந்தால் கோழி கழுத்தை நீட்டிக் கொத்திவிடும். அதையும் நம்பாமல், கோழி அடைந்தபின் பொறியை இழுத்து, விடியுமுன் விடுவித்துவிட வேண்டும்.

11-ஆம் இரவில் ஆறையும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டதில் விழுந்தது மூன்று. மறு இரவு இரண்டு. ஒரே நாளில் எல்லாப் பொறியும் வேலை செய்வதே முக்கியம். ஒவ்வொன்றாக வைத்தால் மீதி எலி பாடம் படித்துவிடும். செத்ததைக் கையுறையோடு எடுத்து, இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கையுறை மனித வாடைக்காக இல்லை, எலிக்காய்ச்சலுக்காக.

பசைப்பலகை மட்டும் கோழி உள்ள இடத்தில் வேண்டவே வேண்டாம். எலிக்கு முன் கோழியோ பல்லியோ அதில் ஒட்டும். ஒட்டிவிட்டால் பிய்க்காமல் சமையல் எண்ணெயை ஊற்றி மெல்லத் தேய்த்தால் விடும்.

மருந்து ஏன் வைக்கவில்லை

கடையில் கிடைக்கும் கட்டி மருந்தில் பெரும்பாலும் புரோமாடியோலோன் அல்லது புரோடிஃபாகம் இருக்கும். இரண்டும் இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. தின்ற எலி சாக நான்கைந்து நாளாகும். அந்த நாட்களில் தள்ளாடிக்கொண்டு பகலிலேயே வெளியே வரும். கோழி அதை விடுமா? கொத்தி இழுத்துத் தின்னும். மருந்து கோழிக்குள் போகும், முட்டைக்குள்ளும் போகும். பூனை, ஆந்தைக்கும் இதே கதி. இதற்காவது வைட்டமின் கே1 மாற்று மருந்து உண்டு. துத்தநாக பாஸ்பைடுக்கு அதுவும் இல்லை; வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகும், கோழிக்கு நேரடி நஞ்சு. மீயொலிக் கருவிக்கு எலி சில நாளில் பழகிவிடும். அந்துருண்டை, சிமெண்ட் கலந்த மாவு இரண்டுக்கும் செலவழிக்கும் நேரத்தில் இன்னும் நான்கு திருகு போடலாம்.

நாள் 15 – 18: வளையும் கழுவலும்

மூன்று நாள் தொடர்ந்து காகிதம் அசையவில்லை, சோதனைத் தட்டும் 50-இலேயே நின்றது. அதன்பின்தான் வளையை அடைத்தது. ஜல்லியை இடித்து இறக்கி, மேலே சுருட்டிய வலைத்துண்டு, அதற்கும் மேலே சிமெண்ட் கலவை. டப்பாவிலிருந்து பீய்ச்சினால் விரிந்து இறுகும் நுரையை மட்டும் அடித்தால் ஒரே இரவில் குடைந்துவிடும். உயிருள்ள வளைக்குள் தண்ணீர் ஊற்றினால் எலி பக்கத்தில் இன்னொன்று தோண்டும், அவ்வளவுதான்.

முற்றத்தின் சுற்றளவுக்கு வலைப்பாவாடை: 30 செ.மீ. ஆழம் நேராக இறங்கி, அடியில் வெளிப்பக்கமாக 30 செ.மீ. மடங்கி ஆங்கில எல் எழுத்துப் போல. தோண்ட முடியாத தரையென்றால் 60 செ.மீ. அகலத்தைப் படுக்கையாகவே விரித்து ஆணியடித்து மண் போடலாம், புல் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். எலி சுவரடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும், பின்னால் போய் யோசிக்காது. இந்தப் பாவாடை வேலை செய்வது அதனால்தான்.

கழுவும்போது ஓர் எச்சரிக்கை. புழுக்கையை உலர்வாகப் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். நனைத்துத்தான் துடைக்க வேண்டும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊற வேண்டும். ஆனால் கோழி எச்சம் கிடக்கும் கூளத்தின் மேல் பிளீச்சை ஊற்றக்கூடாது. அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் நெஞ்சை அறுக்கும் நச்சுக்காற்று கிளம்பும். முதலில் கூளத்தை அள்ளி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கதவைத் திறந்து வைத்து, கடைசியில்தான் பிளீச். கோழி அந்த நேரம் முற்றத்தில் இருக்கட்டும்.

நாள் 29: தட்டில் 38

பதினான்கு நாள் அசையாத தட்டில் 12 கிராம் குறைந்திருந்தது. புழுக்கை ஒரு செ.மீ.க்கும் கீழ், முனை மழுங்கல். புதிதாக வந்த எலி இல்லை, குட்டி. பழுப்பு எலிக்குச் சினைக்காலம் 21 முதல் 23 நாள், பிறந்து மூன்று வாரத்தில் குட்டி பால் மறந்து தானே இரை தேடும். தாய் பொறியில் விழும்போது வேறு வளையில் ஓரளவு வளர்ந்த குட்டி இருந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் இரண்டு வாரம் அமைதி என்றதும் பெட்டியை எடுத்து வைப்பவர்களுக்கு மறு மாதம் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பெட்டி அதே இடத்திலேயே இருந்ததால் இந்த முறை பழக்கக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. சாதாரண எலிப்பொறி குட்டியின் எடைக்கு விழாமல் போகக்கூடும் என்று பொறியில் இரை கட்டும் நாக்கை மெல்லியதாக வளைத்து வைத்ததில் இரண்டு இரவில் இரண்டு.

எங்கிருந்து நுழைந்தன என்று தேடியதில், முற்றத்துக் கதவின் கீழ்மூலையில் திருகு 25 செ.மீ. இடைவெளியில் இருந்தது. வலையோரம் ஒரு விரல் அளவுக்குத் தூக்கியிருந்தது, மரத்தில் இரண்டு கோடாகப் புதுப் பல்தடம், கீழே வெளிர் மரத்தூள். அங்கே மேலும் மூன்று திருகு, ஒரு தகரமூலை.

நாள் 42

தட்டு 50. பகல் தீவனம் ஆறு கோழிக்கு 675. அந்த 15 கிராம் சிந்தல். தட்டின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கியதும் அதுவும் குறைந்துகொண்டு வருகிறது. பெட்டிகள் சுவரோரமே இருக்கின்றன, பொறி இழுக்காமல். சோதனைத் தட்டு இனி வாரம் ஓர் இரவு.