முப்பத்தோரு பக்கமும் ஒரு ‘நல்லா இருக்கு’வும்

மார்ச் 4
படக்கதையைக் கைவிட்டு இன்றோடு ஒரு மாதம். கதை வசனம் நான், ஓவியம் அவன். 64 பக்கத்தில் 31 வரை மை போட்டு முடித்திருந்தான். யாராவது கேட்டால் “நேரம் கிடைக்கல” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரம் நிறையவே இருந்தது.

மார்ச் 7
பழைய கோப்புகளைத் திறந்தேன். ஏழாம் பக்கம். நான் எழுதிய நாயகிக்கு வயது 19. அவன் வரைந்த முகத்துக்கு 35 சொல்லலாம். பென்சிலில் இருக்கும்போதே பார்த்துவிட்டேன். “நல்லா இருக்குடா” என்று பதில் போட்டிருக்கிறேன், கூடவே மூன்று கைதட்டல். அன்றைக்கே சொல்லியிருந்தால் ரப்பரோடு போயிருக்கும். மை ஏறிவிட்டால் பக்கத்தையே மறுபடி வரைய வேண்டும். அவனுக்குப் பக்கத்துக்கு இரண்டு நாள். அந்த முகம் அப்புறம் 24 பக்கங்களில் வந்தது. எரிச்சலை நான் வேறெங்கோ காட்டினேன். கோப்புக்குப் பெயர் வைத்த விதத்தில்கூடக் குற்றம் கண்டுபிடித்தேன். நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 12
போன் செய்தேன். முதல் பத்து நிமிடம் இருவரும் தூக்கம், முதுகுவலி என்றே பேசினோம். பிறகு முகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“சரி, நானும் ஒண்ணு சொல்லட்டா?”

என் வசனம் பலூனுக்குள் அடங்கவில்லையாம். 12ஆம் பக்கத்திலிருந்து எழுத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறான். “வெட்டச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவே.”

போனை வைத்ததும் பார்த்தேன். 12இல் 9 பாயிண்ட். 29இல் 6. என் வசனத்தை நானே படிக்காமல்தான் ‘நல்லா இருக்கு’ சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 14
இன்னும் கோபம் போகவில்லை. அவன் சொன்னது சரி என்பதால் கூடுதலாக.

மார்ச் 20
புதிதாக ஒரு எட்டுப் பக்கக் கதை. தொடங்குமுன் கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007இல் எழுதிய ‘பிரிமார்ட்டம்’ முறையைச் செய்து பார்த்தோம். வேலை படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, காரணங்களை ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுத வேண்டும். நடக்காத தோல்விதானே, கை தாராளமாக ஓடியது. அவன் எழுதியது: “கடைசி நேரத்துல முடிவை மாத்திட்டே.” நான்: “சலிச்சுப்போச்சுன்னு சொல்லாம இழுத்தடிச்சே.” இருவருக்குமே சுருக்கென்றது. தாள்களைக் கிழிக்கவில்லை.

மார்ச் 27
ரஃப் வந்தது. நாலாம் பக்கத்தில் கிழவர் எங்கே போகிறார் என்று விளங்கவில்லை. விரல் தானாக “நல்லா இரு” வரை தட்டிவிட்டது. அழித்தேன். “மூணாவது கட்டத்துல கிழவர் உள்ளே வர்றாரா, வெளியே போறாரா?” என்று அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இருபது நிமிடம் கழித்துப் பதில்: “எனக்கும் புரியல. நீ எழுதினது அப்படி.”