குடம் தூக்காத கை

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் அம்மா கடல்பாசி எடுக்கப் போகாமல் வீட்டில் இருந்தது அந்த ஒரு வருடம்தான். மதுரையில் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்து 14 நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஊருக்கு வந்த அன்றே தெருவில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "குடம் தூக்காத. தூக்குனா யானைக்கால் மாதிரி கை வீங்கிரும்."

அம்மா அப்படியே நம்பிவிட்டாள். எட்டு மாதம் இடது கையால் ஒரு சொம்புகூட எடுக்கவில்லை. முந்தானைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்ததில் தோள் இறுகி, கொண்டை போடக்கூட கை எழும்பவில்லை.

ஆனால் மீன் ஆய்வதை விடவில்லை. அதில் பாரம் ஏது என்பது அவள் கணக்கு. ஒரு நாள் கெளுத்தி முள் இடது கட்டைவிரலில் ஏறியது. மஞ்சளை அப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் காய்ச்சல். முழங்கை வரை சிவந்து, தொட்டால் அடுப்பு மாதிரி சுட்டது. கண்ணாடி வளையலைச் சோப்பு போட்டு இழுத்தும் வரவில்லை; துணியைச் சுற்றி உடைத்துத்தான் எடுத்தேன். மணிக்கட்டில் வளையல் பதிந்த தடம் ரெண்டு நாள் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை, "குடம் தூக்கிருப்பா" என்றார்.

பிசியோதெரபி செய்யும் பெண்தான் புரியவைத்தார். நெறிக்கட்டி எடுத்த கையில் நிணநீர், அதாவது சதையில் ஊறும் நீர், வடியும் வழி குறைவு. கிருமி நுழைந்தால் நீர் பெருகும், மிச்ச வழியும் கெடும். அக்குளில் நெறிக்கட்டிகளை முழுக்க எடுத்தவர்களில் சுமார் 5 பேரில் ஒருவருக்கு வீக்கம் வருகிறது. கதிர்வீச்சும் உடல் பருமனும் அதைக் கூட்டும். பாரம்? 2010-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 5 அல்லது அதற்கு மேல் நெறிக்கட்டி எடுத்த பெண்களில், பயிற்சியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு 100-க்கு 7 பேருக்குத்தான் கை வீங்கியது. அந்தப் பயிற்சி செய்யாதவர்களில் 22 பேருக்கு. டிஸ்சார்ஜ் அன்று இதை யாராவது சொல்லியிருந்தால் அந்த எட்டு மாதம் அம்மாவுக்கு மிஞ்சியிருக்கும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீக்கம் முழுதாக வடியவில்லை. வீக்கம் ஏறாமல் கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் போடுகிறாள். அரை லிட்டர் பாட்டிலில் தொடங்கி இப்போது ரெண்டு லிட்டர் தூக்குகிறாள். பாசிக்கும் போகிறாள், முன்பு விரலில் துணி சுற்றுவாள், இப்போது கையுறை. போன வாரம் பாறை கிழித்துவிட்டது. கரையேறியதும் சோப்பு போட்டுக் கழுவி, மருந்து தடவிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள்.

குடத்தை மட்டும் இன்னும் வலது இடுப்பில்தான் வைக்கிறாள்.